அப்பாவின் கொம்பனியை நான் பார்த்ததில்லை

போன கிழமை, பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மூன்று தலைமுறையும் ஒரே காரில் நெருக்கியடித்து ஏறி ஹாடலான்ட் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனோம். ஒஸ்லோவில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ரான்ட்ஸ்ஃபியோர்ட் ஏரியின் தென்முனையில் யெவ்னாக்கர் என்ற சின்ன ஊர். நோர்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்த 1762ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிற்சாலை இது. உலைக்கு விறகு வேண்டும், சுற்றிவரக் காடு இருந்தது, அதனால்தான் அந்த இடம்.

உள்ளே கடை, உணவகம் எல்லாம் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது உலைக்கூடத்தைப் பற்றி.

ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். நீண்ட இரும்புக் குழாயை உலைக்குள் விட்டுச் சுழற்றி, தேன் எடுப்பதுபோல உருகிய கண்ணாடியை எடுத்தாள். ஆயிரம் பாகைக்கு மேல் சூடு. தண்ணீரில் ஊறிய மரக்கரண்டியில் வைத்து உருட்டினாள். மரம் தீப்பிடிக்கவில்லை, ஆவி பறந்தது, அவ்வளவுதான். ஊதினாள், திரும்ப உலைக்குக் காட்டினாள், திரும்ப ஊதினாள். இவ்வளவுக்கும் குழாயைச் சுழற்றுவதை ஒரு கணமும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாக வழிந்துவிடும். கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. உடைந்த கண்ணாடி போடும் வாளிக்குள் தட்டிவிட்டாள். மகன் “ஐயோ!” என்று கத்தினான். உருக்கி மறுபடி செய்யலாம் என்று சிரித்தாள்.

பிறகு அவனையும் ஊதவிட்டார்கள். குழாயைப் பிடித்துச் சுழற்றியது அவள், காற்று மட்டும் இவனுடையது. பிறந்தநாள் பலூன் என்று நினைத்தானோ தெரியவில்லை, இழுத்து ஊதினான். கிண்ணம் ஒரு பக்கம் கன்னம் வீங்கிப் போய்விட்டது. அதை உடனே கையில் தரவில்லை. சூளைக்குள் வைத்து மெதுமெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் தானாகவே வெடித்துவிடுமாம்.

இங்கே பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருடம் பள்ளி, இரண்டு வருடம் பட்டறை என்று படித்து, செய்முறைப் பரீட்சையில் தேறி ‘ஃபாக்பிரேவ்’ எடுக்கிறார்கள். கைத்தொழில் சான்றிதழ். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற வீடுகள் உண்டு. எங்கள் தமிழ் வீடுகளில்? “படிக்காட்டி மீன் கொம்பனிக்குத்தான் போவாய்.” நான் இதைக் கேட்டே வளர்ந்தேன். சொன்னது வேறு யாரும் இல்லை, மீன் கொம்பனியில் வேலை செய்து எங்களை வளர்த்த அப்பாதான்.

எண்பதுகளில் வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் பல வருடம் மீன் வெட்டினார். வேலை உடுப்பை வெளிவாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு நாளும் அந்த இடத்தை எங்களுக்குக் காட்டியதில்லை. கேட்டால், “அங்க என்ன கிடக்கு பாக்க?” கண்ணாடி ஊதுகிறவளைப் பார்க்க இவ்வளவு தூரம் குடும்பமாகப் போகிறோம். மீன் வெட்டுகிறவரின் கையில் மட்டும் என்ன குறை? எனக்கு இது கோபமாகவே வருகிறது. அப்பாவிடம் இல்லை. அவரை வெட்கப்பட வைத்த எங்கள் சமூகத்திடம். கலியாண வீடுகளில் “தம்பி என்ன செய்யிறார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஏற்றபடி கதிரை போடுகிற சமூகம். இத்தனைக்கும் எங்களை இந்த நாட்டோடு முதலில் சேர்த்ததே மீனும் வலையும்தான். 1956இல் இங்கே வந்த அன்ரனி ராஜேந்திரம், நோர்வேக்காரர்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் கட்டியெழுப்பிய சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனம் வேறென்ன? காரைநகரில் படகு, குருநகரில் வலை.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். பச்சைக் கண்ணாடி உருண்டை ஒன்றைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார். மீன்வலை மிதவை. பேர்கன் வணிகர் கிறிஸ்தோபர் ஃபாயே என்பவரின் யோசனையில் 1840களில் இதே தொழிற்சாலை செய்யத் தொடங்கியது. ஊதி, குழாயில் இருந்து உடைத்தெடுத்து, அந்த ஓட்டையைக் கண்ணாடியாலேயே பொத்தான்போல அடைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் வந்தபின் வலையை விட்டு யன்னலுக்கு வந்துவிட்டது.

“இது அங்க கரையில கிடக்கும். நான் ஒண்டு எடுத்து வச்சிருந்தனான், வீடு மாறேக்க உடைஞ்சு போச்சு” என்றார். நாற்பது வருடத்தில் நான் கேட்காத கதை. திரும்பி வரும் வழியெல்லாம் பேரனுக்கு மீன் பாடம்தான். கத்தியை எந்தச் சரிவில் பிடிப்பது, முள்ளை விரல் நுனியால் எப்படித் தேடுவது, குளிரில் விரல் மரத்துப் போனால் என்ன செய்வது. கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அம்மா இரண்டு தடவை “றோட்டைப் பார்” என்றார்.