அங்கன்வாடிக்கு இன்னொரு ஆள் வேண்டும்

என் மகளுக்கு மூன்றரை வயது. எங்கள் ஊர் அங்கன்வாடிக்குத்தான் போகிறாள். விசேஷ வீடுகளில் இதைச் சொன்னால் உடனே வருகிற கேள்வி, "ஏன், வாசலுக்கே வேன் வருதே, நர்சரியில சேர்க்கலையா?" என்பதுதான். சிலர் குரலில் பரிதாபம்கூட இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் பெரியவர்கள் இன்னும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். சோறு போடுகிற இடம், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வசதியான இடம், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அந்த நினைப்பு முழுதாக மாறியது. மகளை விடப் போனேன். ஆயாம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. டீச்சர் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் செல்போனுமாக நின்றிருந்தார். "தம்பி, ஒரு அரை மணி நேரம் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறீங்களா, உலையை வச்சுட்டு வந்துடறேன்" என்றார். அரை மணி நேரத்துக்கு உட்கார்ந்தவன் மூன்று மணி வரை எழுந்திருக்க முடியவில்லை.

அன்றைக்கு 17 பிள்ளைகள். முட்டை நாள் வேறு, தடுப்பூசி நாள் வேறு. டீச்சர் கூட்டிப் பெருக்கினார், அரிசி களைந்தார், பருப்பு வேகப் போட்டார். நடுவில் வந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, வழி தவறிப் போன ஆட்டுக்குட்டியின் கதையை ஆரம்பித்தார். நாலு வரி சொல்லியிருப்பார், போன் வந்தது. வருகைப் பதிவை இன்னும் ஏற்றவில்லை என்று. செயலியைத் திறந்தார், சிக்னல் இல்லை. வேப்பமரத்தடிக்குப் போய் நின்று ஏற்றிவிட்டு வந்தார். மறுபடியும் ஆட்டுக்குட்டி. அதற்குள் சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வந்துவிட்டார். அவர் முகத்தைப் படம் எடுத்தால்தான் பாக்கெட் கொடுக்க முடியும். முகம் பொருந்தவில்லை என்று மூன்று தடவை வந்தது. நாலாவது தடவை வெயிலில் நிற்க வைத்து எடுத்தார். அப்புறம் கிராம சுகாதார செவிலியர் வந்தார், கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வந்தார்கள், ஊசி, அழுகை, எடை, அட்டை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் முட்டை உரித்தேன். ஒரு பையன் இரண்டு தடவை கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகப் பார்த்தான். இரண்டு தடவையும் ஓடிப் போய்த் தூக்கி வந்தேன். நான் இல்லாத ஒரு நாளில் இதே போல் ஆயாம்மாவும் இல்லை என்றால் யார் ஓடுவார்கள் என்ற நினைப்பு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சூடாக, நன்றாக இருந்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையிலிருந்து மூன்று மணி வரை அந்தப் பிள்ளைகளோடு டீச்சர் பாட்டும் கதையும் விளையாட்டுமாக இருந்த நேரம் மொத்தமாகக் கூட்டினால் 20 நிமிடம் தேறாது. ஆட்டுக்குட்டி கதை முடியவே இல்லை. ராத்திரி என் மகள், "அந்தக் குட்டி வீட்டுக்குப் போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். போய்விட்டது என்று சொன்னேன்.

இதில் டீச்சரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரால் என் பிள்ளை அடைந்த பலன் எனக்குத் தெரியும். மகளுக்கு 14 மாதம் இருக்கும்போது இரண்டு மாதம் அவள் எடை ஏறவே இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், ஓடியாடிக்கொண்டிருந்தாள், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துவிட்டதை டீச்சர்தான் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து, காலையில் என்ன கொடுக்கிறீர்கள், மத்தியானம் எவ்வளவு சாப்பிடுகிறாள், எத்தனை வேளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் அம்மா பெருமையாக, "ரசஞ்சோறு நல்லாக் கரைச்சு ஊட்டுறேம்மா" என்றார். டீச்சர் கோபிக்கவில்லை. "அதுல பாதி தண்ணிதாம்மா. பருப்பைக் கெட்டியா மசிச்சு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு குடுங்க. சின்ன வயிறு, மூணு வேளை பத்தாது, அஞ்சு தடவை குடுங்க" என்றார். அடுத்த மாதமே கோடு மேலே ஏற ஆரம்பித்தது. எடைக் கருவி எண்ணைத்தான் காட்டும். பலன் கொடுத்தது திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசிய அந்த முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் இப்போது அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாக ஆரம்பித்த திட்டம் இது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்று பெயர். அன்றைக்கே இதில் ஆறு சேவைகள் இருந்தன. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பது, தாய்மாருக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக் கொடுப்பது, முன்பருவக் கல்வி. ஊசி போட செவிலியர் வருவார் என்றாலும் ஆள் திரட்டுவது முதல் அட்டையில் எழுதுவது வரை ஆறுக்கும் அடி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் ஒரே பணியாளர். கூட ஒரு உதவியாளர். 50 வருடம் ஆகியும் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

தமிழ்நாடு இதில் முன்னோடி என்பதை நான் மனதாரச் சொல்வேன். 1980-ல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, வளர்ச்சி தடுமாறுகிற பிள்ளைக்கு உடனே கூடுதல் உணவு கொடுப்பதைப் பழக்கமாக்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த சத்துணவுத் திட்டத்தை எல்லோரும் பள்ளிக்கூடச் சோறாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அது முதல் நாளிலிருந்தே இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் தொடங்கியது. இன்றைக்கு மாநிலத்தில் 54,439 மையங்கள். வாரம் மூன்று முட்டை. 2022-ல் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், மெலிந்த குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கவனிக்கிறார்கள், பாலூட்டும் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுக்கிறார்கள். இவ்வளவு செய்தும், ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ரத்தசோகை உள்ளவர்கள் பாதிக்கும் மேல். உணவு போய்ச் சேருகிறது. அந்த உணவை வைத்துக்கொண்டு தாயோடு உட்கார்ந்து பேசவும், பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடவும்தான் ஆள் இல்லை.

முன்பருவக் கல்வி என்றதும் ஏ பி சி டி என்று நினைக்க வேண்டாம். மூன்று வயதில் பென்சிலைப் பிடித்து நாலு பக்கம் எழுத வைப்பதைப் படிப்பு என்று நம்பித்தான் நாம் பிள்ளைகளை ஏழரை மணி வேனில் தூக்கத்தோடு ஏற்றுகிறோம். அந்த வயதுப் பிள்ளை புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் பிரித்து வைக்க வேண்டும், பெரிதையும் சிறிதையும் அடுக்க வேண்டும், கதை கேட்டுவிட்டு அடுத்து என்ன என்று கேட்க வேண்டும், தன் முறை வரும் வரை காத்திருக்கப் பழக வேண்டும். அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று மாதவாரியாகப் பாடத்திட்டமே இருக்கிறது. எங்கள் மையத்திலும் அந்தப் புத்தகம் இருக்கிறது, புத்தம் புதிதாக. பிரித்துப் பார்த்தேன், அருமையாக இருந்தது. அதை நடத்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் இடைஞ்சல் இல்லாமல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது என் ஆசை மட்டும் இல்லை. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில மையங்களில் மட்டும், முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டன. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த மையங்களில் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் வளர்ச்சிக் குறைவும்கூடக் குறைந்தன. புதிதாக வந்தவர் யாருக்கும் சோறு ஊட்டவில்லை, பாடம்தான் நடத்தினார். பழைய பணியாளருக்கு மற்ற வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அரசுக்கும் இது தெரியாதது இல்லை. 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது அதற்கென்று தனியாக ஆசிரியர் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டுதானே அனுப்பினார்கள்? அங்கே சரி என்றால், பள்ளி வளாகத்துக்குள் இல்லாத எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் கூடாது? இதற்கு யாரிடமும் எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, "இருக்கிற காலியிடத்தையே இப்பத்தான் நிரப்புறாங்க, இதுல புதுசா எங்க?" என்றார்கள். அது உண்மைதான். 2025-ல் பணியாளர், உதவியாளர் இடங்கள் 7,783-ஐ நிரப்ப அறிவிப்பு வந்தது. அப்படியானால் அதுவரை எத்தனை ஊர்களில் ஒரே டீச்சர் இரண்டு மையங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சுமந்திருப்பார்!

பணம் இல்லை என்பார்கள். மத்திய அரசின் கணக்கில் ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு 2017-ல் வைத்த தொகை 8 ரூபாய். பணியாளருக்கு மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் மேலே போட்டுத்தான் தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. இவர்கள் செய்வது முழுநேரச் சட்டபூர்வப் பணி, இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அதே நீதிமன்றம் 2006-ல், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருக்கிற குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி கொடுத்தாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மையம் கேட்பது உரிமை என்றால், அந்த மையத்தில் பிள்ளையோடு உட்கார ஓர் ஆள் கேட்பதும் உரிமைதான் என்று நான் நம்புகிறேன்.

முகப் பதிவு, செயலி எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாக்கெட் வெளியே போய்விடக் கூடாது என்ற அக்கறை நியாயமானது. ஆனால் 2025 ஜூலையிலிருந்து அது கட்டாயமான பிறகு அதற்கு ஆகிற நேரம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளிடமிருந்துதான் வருகிறது. வாக்காளர் பட்டியல் வேலைக்கு டீச்சரை அனுப்பும் நாட்களும் அப்படித்தான். மற்ற கணக்குக்கெல்லாம் கேட்க மேலதிகாரி உண்டு. கதை பாதியில் நின்றதற்குக் கணக்குக் கேட்க யாரும் இல்லை.

பெற்றோர்களாகிய நாம்தான் கேட்க வேண்டும். கேட்பவர்கள் எல்லாம் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டால், மிச்சம் இருப்பது கேட்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான். தோட்ட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற தாய் எந்த அலுவலக வாசலில் போய் நிற்பார்?

வரும் கிராம சபையில் வைப்பதற்கு நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். முன்பருவக் கல்விக்கென்று ஒருவர் கூடுதலாக வேண்டும். அவர் வரும் வரை, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை டீச்சரை போனில் அழைக்கவோ வேறு வேலைக்குக் கூப்பிடவோ கூடாது. கேட்டுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாளை ஊரிலேயே ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை வைத்துக் கொடுத்துவிட்டார், அதனால் அந்த வரியை அடித்துவிட்டோம்.

மனுவைப் பற்றிச் சொன்னதும் டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் பேரை மட்டும் எங்கேயும் எழுதிடாதீங்க தம்பி" என்றார். எழுதவில்லை. இதுவரை 22 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்பது பேருடைய பிள்ளைகள் வேனில் போகிறவர்கள்.