நாற்காலி நனைந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு சபை வாட்ஸ்அப் குழுவில் "சின்ன விஷயத்தை ஊதிப் பெரிசாக்குறாங்க" என்று ஒருவர் எழுத, அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சின்ன விஷயமா? அட்டைப்பெட்டி பொறுக்கும் பாட்டி ஒருவர், தொப்பலாக நனைந்து வந்து கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். போன மாதம் வாங்கிய மெத்தை நாற்காலி. "பாட்டி, நாற்காலி நனையுது, வெளிய தாழ்வாரத்துல உட்காருங்க" என்று எழுப்பி அனுப்பினார்கள். அவர் போனதும் ஒருவர் டிஷ்யூ எடுத்து நாற்காலியைத் துடைத்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் கிழவிக்கு முகம் துடைக்க ஒரு தாள் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் மூன்று வரிசை முன்னால் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். நானும் எழுந்து போகவில்லை, அதுதான் நான்கு நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அன்றைய பிரசங்கம் கலாத்தியர் 5:22. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, அப்புறம் தயவு, நற்குணம். பவுல் "கனிகள்" என்று எழுதவில்லை, "ஆவியின் கனி" என்று ஒருமையில்தான் எழுதினார் என்று பாஸ்டர் அழகாக விளக்கினார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது, எல்லாம் ஒரே கனி. நாம் எல்லோரும் ஆமென் சொன்னோம். தயவு அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலி நனைந்தால் என்ன? காயும்.

"பிள்ளைங்க இருக்கிற இடம், யார் யாரோ உள்ளே வந்தா எப்படி?" என்கிறார்கள். சரி, பாதுகாப்பு முக்கியம்தான். எழுபது வயதைத் தாண்டிய பாட்டியிடமிருந்து யாரைப் பாதுகாத்தீர்கள்? "சபை விஷயத்தை முகநூலில் போடலாமா?" சபை பெயரை நான் எங்கேயும் போடவில்லை. பாட்டியை எழுப்பி அனுப்பிய தம்பி மேல் எனக்குக் கோபமும் இல்லை, பெரியவர்கள் சொன்னதைத்தான் அவன் செய்தான்.

"நம்ம இரட்சிப்பு கிருபையால, நற்கிரியையால இல்ல" என்று ஓர் அண்ணன் வசனம் போட்டிருக்கிறார். தெரியும் அண்ணா, எனக்கும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தையும் ஒருமுறை படியுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்திய ஏழைக்கு "நீ அங்கே நில்லு". நம் ஞாயிற்றுக்கிழமையை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். கொஞ்சம் கீழே, உடுக்கவும் உண்ணவும் இல்லாதவர்களிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களைக் கேட்கிறார், பிரயோஜனமென்ன என்று. பசியாறியாச்சா என்று தினமும் காலையில் கேட்டுக்கொள்கிற ஊர் நம் ஊர். அந்தச் சொல் நமக்குப் புரியாதா?

எனக்கு நன்றாகப் புரியும். 2021 ஜூலையில், மலேசியாவில் கோவிட் ஊரடங்கில் உதவி தேவைப்பட்டவர்கள் வீட்டில் வெள்ளைக்கொடி கட்டிய நேரத்தில், என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கொடி கட்ட வெள்ளைத் துணிகூட இல்லாமல் மகனின் பழைய பள்ளிச் சட்டையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். கட்டும்போது கை நடுங்கியது, யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று. பார்த்தார்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று செய்தி வந்தது, ஐந்தாறு பேரிடமிருந்து. மறுநாள் காலை கிரில் கதவில் ஒரு பை தொங்கியது. ஐந்து கிலோ அரிசி, நாளிதழில் சுற்றிய பத்து முட்டை, இரண்டு சார்டின் டின், ஒரு மைலோ பாக்கெட். பெயர் இல்லை. மாதக்கணக்கு கழித்துத்தான் தெரிந்தது, அதே மாடியில் இருந்த மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, வைத்தது என்று. சாலையோரம் நாசி லெமாக் விற்கிறவர், அப்போது அவருக்கே வியாபாரம் இல்லை. ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் அந்த வாரம் என் பிள்ளை சாப்பிட்டது அந்த முட்டையை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருவதில்லை. ஏன் என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள், நான் வளர்த்த விதம் சரியில்லை என்கிற மாதிரி. அவனிடம் நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது, சொல்லுங்கள்.

நேற்றுக் காலை அந்தப் பாட்டியைத் தேடிப் பினாங்கு ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் போனேன். மீன் கடைக்குப் பின்னால் பெட்டிகளை மிதித்து மடித்துக்கொண்டிருந்தார். கோப்பியும் இரண்டு ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. அவரே கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த நாற்காலி காஞ்சிருச்சாம்மா?"