படிக அறையின் ஏசியை ஏன் அணைக்கிறீர்கள்?

பொது ஆய்வுக்கூடத்தில் புரதப் படிகம் வளர்க்கிற அறையின் ஏசியைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அணைத்து வைத்திருக்கிறார்கள். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறார்களாம். வயிறு எரிகிறது.

வடசென்னையில் எங்களைப் போன்ற சின்ன ஆய்வகங்களுக்கு அந்தப் பொது ஆய்வுக்கூடத்தை விட்டால் வேறு கதி இல்லை. புரதக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகப் பிளேட்டில் வைக்கிற ரோபோவைச் சொந்தமாக வாங்க எங்கள் கல்லூரியால் முடியாது. அதனால் பிளேட்டுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டி, தண்டையார்பேட்டையிலிருந்து ஐஸ் பெட்டியில் புரதத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறோம். காசநோய்க் கிருமியின் நொதி அது. அதைச் செய்துதரும் ஈ.கோலை பாக்டீரியாவை ராத்திரி முழுக்க வளர்த்து, உடைத்து, புரதத்தைப் பிரித்தெடுக்கிற நிக்கல் குழாயில் (column) ஏற்றி, அப்புறம் இன்னொரு குழாயில் சுத்தம் செய்து எடுத்த புரதம்.

பிளேட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் வேறு உப்பு, வேறு பாலிஎத்திலீன் கிளைகால் (PEG) கரைசல். ஒரு சொட்டு 200 நானோலிட்டர்தான். அதிலுள்ள தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் பக்கத்துக் கரைசலுக்குப் போனால்தான் புரத மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகும். 20 டிகிரி என்று வைத்தால் நடுராத்திரியும் 20 டிகிரி இருக்க வேண்டும்.

மே மாதத்தில் பூட்டிக் கிடக்கிற அறை எப்படிக் கொதிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கா சொல்லித்தர வேண்டும்? வெள்ளிக்கிழமை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு குழியில் விளிம்பெல்லாம் கூராக, தெள்ளத் தெளிவாக ஒரு படிகம் நின்றது. திங்கட்கிழமை ஏசியைப் போட்டு அறை குளிர்ந்ததும் பிளேட்டை மூடிய டேப்பின் அடியில் முத்து முத்தாய் நீர் கோத்து, சொட்டில் இறங்கிவிட்டது. படிகத்தின் முனைகள் கரைந்து உருண்டு போயிருந்தன. பக்கத்தில் எதற்கும் உதவாத பொடிகள்.

கேட்டால், "இன்னொரு பிளேட் போட்டுக்கோங்க மேடம், பணத்த மட்டும் கட்டிடுங்க" என்கிறார்கள். வாட்ச்மேன் அண்ணனைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு மேலிருந்து உத்தரவு. சொட்டுகளைத் தானாகவே படம் எடுக்கிற இயந்திரம், வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தை (ஏஎம்சி) புதுப்பிக்காமல் உறை போட்டுக் கிடக்கிறது. அதை இயக்கத் தெரிந்த தம்பியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கோடிகளில் இயந்திரம் வாங்குவார்கள், ஆளுக்குச் சம்பளம் என்றால் கையை விரிப்பார்கள்.

நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் வடிவத்தை ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் உலகத்துக்குச் சொன்னது இந்தச் சென்னையிலிருந்துதான். மேடை கிடைத்தால் ராமச்சந்திரன் பெயரைச் சொல்லாமல் இவர்கள் இறங்குவதில்லை. அவர் பெயரைச் சொல்கிறவர்களுக்கு ஓர் அறையைக் குளிராக வைத்திருக்க முடியாதா?

அதிலும் ஒரு பெரியவர், "அதான் ஆல்ஃபாஃபோல்டு வந்துடுச்சே, அப்புறம் படிகம் எதுக்கு?" என்றார். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அது; 2024இல் நோபல் வாங்கித் தந்த வேலை. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் நாங்கள் சோதிக்கிற மருந்து மூலக்கூறு அந்த நொதியின் பள்ளத்தில் எப்படி உட்காருகிறது, எந்த அமினோ அமிலம் அதற்கு இடம்விட்டு நகர்கிறது என்பதைக் கணிப்பை மட்டும் நம்பி எழுத முடியாது. படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த தரவு வேண்டும். நல்ல படிகம் கையில் இருந்தால்தானே திரவ நைட்ரஜனில் உறையவைத்து வலுவான எக்ஸ்ரே தருகிற இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானுக்குக் கொண்டுபோக முடியும்?

ஜெனரேட்டர் இணைப்போடு பிளேட்டுகளை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கிற ஒரு கூலிங் இன்குபேட்டர், வெப்பநிலையைப் பதிவு செய்கிற ஒரு சின்னக் கருவி, லீவு நாளிலும் எட்டிப் பார்க்க ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்கிறோம். அதுவரை அந்த அறையின் சுவிட்சில் யாரும் கைவைக்கக் கூடாது. அங்கே பிளேட் வைத்திருக்கிற மற்ற ஆய்வகத்தாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பாழான பிளேட்டுகளுக்குக் கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்டிருக்கிறோம். எழுத்தில் பதில் வரும்வரை புதிய பில் எதையும் கட்டப்போவதில்லை.