பத்து வயதில் பிடிக்காத நாதஸ்வரம்

சிறுவயதில் எனக்குச் சற்றும் பிடிக்காத ஓசை நாதஸ்வரம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கோயில் கொடை விழா, கல்யாணம், சடங்கு எதுவானாலும் பந்தலின் ஓரத்தில் நாயனமும் தவிலும் இருக்கும். தாலி கட்டும்போது எழும் கெட்டிமேளம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்பு வித்துவான் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் வாசித்த ராக ஆலாபனை எப்போது முடியும் என்று காத்திருப்பேன். இன்று நாற்பத்தைந்து வயதில், வேலை முடிந்து இரவில் உட்கார்ந்தால் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தையோ, அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பையோதான் தேடிப் போடுகிறேன்.

இதைக் கேட்ட நண்பர்கள், "வயது ஏற ஏற ரசனை உயரும்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. ஆலாபனையில் சொற்கள் கிடையாது, தாளக்கட்டும் கிடையாது. பாட்டைப் பற்றிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இருக்கும் இரண்டு பிடிகள் அவைதாம்; இரண்டையும் எடுத்துவிட்டால் குழந்தையின் காதுக்கு மிஞ்சுவது சத்தம் மட்டுமே.

1992இல் 'ரோஜா' வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம் அது. பிடித்த பாடல்களைப் பட்டியலிட்டு, பதிவு செய்து தரும் கடையில் கொடுத்துவிட்டு, அறுபது நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கங்களும் நிரம்பி வரும் நாளுக்காகக் காத்திருந்த பருவம். இலங்கை வானொலியில் பழைய பாடல்களைக் கேட்டு வளர்ந்த என் அப்பாவோ, "ஒரே இரைச்சலா இருக்கு, வார்த்தையே கேக்கலயேடா" என்று டேப்பை நிறுத்திவிடுவார். அவருக்கு இசை தெரியவில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். எனக்குத் தெரியவில்லை என்று அவரும் நம்பினார்.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே பிற்காலத்தில் மிகுதியாக எஞ்சுகின்றன என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டும் அவற்றோடு சேர்ந்தே தங்கிவிடுகிறது. ஆகவே, "எங்கள் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று சொல்லும்போது நாம் பாட்டை மதிப்பிடவில்லை, நம் இளமையை மதிப்பிடுகிறோம் என்றே நான் நினைக்கிறேன். 'ரோஜா' பாடல்கள்மீது எனக்குள்ள அன்பில் பெரும்பகுதி அந்தக் கேசட்டுக்கும் அந்த வயதுக்கும் உரியது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதை இசைத் தீர்ப்பாக்கி, அடுத்த தலைமுறையின் பாட்டைத் தள்ளிவைப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நாதஸ்வரம் என்னிடம் வந்த வழி வேறு. அதன்மீது எனக்கு இளமை நினைவின் பாசம் எதுவும் இல்லை, இருந்ததெல்லாம் சலிப்பு. முப்பத்தெட்டு வயதில் ஒருநாள், 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாடலைத் தற்செயலாகக் கேட்டேன். எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாதஸ்வரமும் மாறி மாறி ஆபேரி ராகத்தில் பேசிக்கொள்ளும் பாட்டு அது. ஒரே சங்கதியை, அதாவது ஒரே இசைத் துணுக்கை, குரலிலும் குழலிலும் அடுத்தடுத்துக் கேட்டபோது, அந்தக் குழல் பாடுகிறது என்பது முதன்முதலாகப் புரிந்தது. சொல்லும் தாளமும் உள்ள அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே ஆலாபனைக்குள் போனேன்.

போகப் போக வியப்புதான். விரல் வைக்க ஏழே துளைகள் உள்ள கருவி அது. மற்ற ஸ்வரங்களையெல்லாம் துளையைப் பாதி மூடியும், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் அளவையும் மாற்றியும் வாசிப்பவரே உண்டாக்கவேண்டும். தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை நிதானமாகக் காட்டும் இடத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பந்தலில் அதே வித்தையை அன்று எத்தனையோ பேர் எனக்கு இரண்டடி தூரத்தில் வாசித்திருக்கிறார்கள். பெயர்கூடத் தெரிந்துகொள்ளாமல் விட்ட அந்தக் கலைஞர்களை நினைத்தால் இப்போது மனம் கனக்கிறது.

நினைவினால் வரும் பிரியம் தானாக வந்துவிடும். பழகி வரும் பிரியத்துக்கு நாம்தான் காதுகொடுத்து உட்காரவேண்டும். என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் கேட்கும் பாடல்களில் எனக்கு இடிக்கும் தாளம் மட்டுமே கேட்டது. போன வாரம் ஒரு பாட்டை அவளோடு உட்கார்ந்து, நிறுத்தச் சொல்லாமல், நான்கு முறை கேட்டேன். மூன்றாவது முறையில்தான் அந்தத் தாளத்துக்கு அடியில் ஒரு வயலின் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. அவளிடம் சொன்னேன். அது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.