ஆச்சியின் முட்டிதான் ஸ்பேனர்

அக்காவுக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது. போன மாதம் எலும்பு டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே வெயிட் தூக்கக் கூடாதும்மா" என்றார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் கேட்டாள்: "அப்போ அம்மாவ யாருடா தூக்குவா?"

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இது மூன்றாவது வருடம். வலது கையும் காலும் வரவில்லை. அம்மா 58 கிலோ, அக்கா 50 கிலோ இருந்தால் அதிகம். அம்மா இருப்பது அக்கா வீட்டில். நான் அடுத்த தெரு. கல்லூரி விட்டு வந்தபிறகு ராத்திரி முறை என்னுடையது. பகல் முழுக்க அக்காதான்.

நான் 19 வருடமாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். நெம்புகோல், உராய்வு, அழுத்தம், நாலு கம்பியை மூட்டுப் போட்டுக் கோத்து அசைய வைக்கும் நான்கு கம்பி இணைப்பு எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அம்மாவை முதல் தடவை கட்டிலிலிருந்து தூக்கியபோது அதில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. குனிந்து, அக்குளில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். அம்மா வலியில் கத்தினாள். அக்கா ஓடிவந்து, "தூக்காத தம்பி. உருட்டு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எனக்கு எல்லாம் ஆரம்பித்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்கா எப்படித் திருப்புகிறாள் என்று சொல்கிறேன். அம்மாவை இடது பக்கம் திருப்ப வேண்டுமென்றால் இடது பக்கம் வந்து நிற்பாள். முதலில் அம்மாவின் வலது முட்டியை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்ற வைப்பாள். வலது கையை நெஞ்சின் மேல் போடுவாள். பிறகு ஒரு கை தோளில், ஒரு கை முட்டியில். தன் பக்கமாக மெல்ல இழுப்பாள். இடுப்பு தானாகத் திரும்பும், உடம்பு பின்னாலேயே வந்துவிடும். காலை நீட்டி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், ரெண்டு பேர் வேண்டும்.

அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள், அதில் விசையின் திருப்புத்திறன் வரும். ஒரு விசை பொருளை எவ்வளவு திருப்பும் என்ற கணக்கு அது: விசையை, அச்சிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்க வேண்டும். ஒரு பரீட்சையில் அந்தக் கணக்கில் அவளுக்கு மார்க் போய்விட்டது. செங்குத்துத் தொலைவு எது என்று படத்தில் குறிக்கத் தெரியவில்லை. நான் கதவை வைத்துச் சொன்னேன், ஸ்பேனரை வைத்துச் சொன்னேன். கைப்பிடி நீளமாக இருந்தால் நட்டு சுலபமாகக் கழலும் என்றேன். தலையாட்டினாள், ஏறவில்லை. அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஆச்சியைத் திருப்ப என்னோடு வந்தாள். முட்டியை மடக்கி, அதில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, ஆச்சி முட்டிதான் ஸ்பேனரா?"

ஆமாம் பாப்பா. உடம்பு உருளும் அச்சு மெத்தையில். முட்டி அதிலிருந்து ஒரு முழம் உயரத்தில். அந்த ஒரு முழம்தான் உன் பாடப் புத்தகத்தில் இருக்கும் செங்குத்துத் தொலைவு. அதற்கப்புறம் அந்தக் கணக்கை அவள் தப்பாகப் போட்டதில்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இந்தக் குழந்தை மூன்று வருடமாகத் தினமும் இதைக் கையால் செய்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. வீட்டில் ஆச்சியைப் பார்த்துக்கொள்வதால் படிப்பு பின்தங்குகிறது என்றுதான் சொன்னார்கள். பின்தங்குவது நிஜம், தூக்கம் போதவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் ஒன்று இருக்கிறதே. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஆசிரியர்களையே உழைக்கும் மெக்சிகோ வழிக் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள், குறை கண்டுபிடிக்க இல்லை, கற்றுக்கொள்ள. விவசாயம், சுரங்க வேலை, ரிப்பேர், நாட்டு மருந்து என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பார்த்துவிட்டு வந்து, அதை வைத்து வகுப்பில் பாடத்தை அமைத்தார்கள். 1992ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அறிவியல் கல்வி படிப்பவர்கள் இன்றுவரை அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் ஊரில் எத்தனை ஆசிரியர்கள் அப்படி ஒரு வீட்டுப் படியேறியிருப்பார்கள்?

இன்னொரு விஷயம், படுக்கைப் புண். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு நர்ஸ் நின்ற வாக்கில், "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடுங்க, பெட் சோர் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படித் திருப்புவது என்று யாரும் செய்து காட்டவில்லை. மருந்துச் சீட்டு மட்டும் ரெண்டு பக்கம். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அந்த வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர் என்று நான் பார்த்தேன். ஆனால் அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் அக்காவின் முதுகு ஒருவேளை தப்பியிருக்கும்.

காற்று மெத்தை வாங்கினோம். மோட்டார் ஒரு வரிசை அறைகளில் காற்றை ஏற்றி அடுத்த வரிசையில் இறக்கும், சில நிமிடத்துக்கு ஒருதரம் மாற்றி மாற்றி. ஒரே இடத்தில் எடை இறங்காமல் பார்த்துக்கொள்ளும். நல்ல பொருள்தான். ஆனால் கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மெத்தை மெல்ல இறங்கும். கோடையில் மதியம் கரண்ட் போனால் அக்கா கையை மெத்தைக்கு அடியில் விட்டுப் பார்ப்பாள். இடுப்புக்குக் கீழே கட்டில் பலகை தட்டுப்பட்டால் தலையணையை மடித்துச் சொருகுவாள்.

சாப்பாடு கொடுக்கக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். வாடகைக் கட்டில், கால்மாட்டில் ரெண்டு கைப்பிடி. ஒன்றைத் திருகினால் தலைப்பக்கம் எழும், இன்னொன்றைத் திருகினால் முட்டிப்பக்கம். எல்லாரும் தலையைத்தான் முதலில் உயர்த்துவார்கள். ஆள் சறுக்கிக் கீழே போவார். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே எலும்பு நகரும். நடுவில் சதை இழுபடும். இந்தச் சறுக்கு விசையும் படுக்கைப் புண்ணுக்குக் காரணம் என்று 1958லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அக்கா அதைப் படித்ததில்லை. அவள் முதலில் முட்டிப்பக்கத்தை உயர்த்துகிறாள், அப்புறம்தான் தலை. கேட்டால் "இல்லன்னா அம்மா வழுக்கிருவா, அவ்வளவுதான்" என்கிறாள். மூன்று வருடத்தில் அம்மாவுக்கு ஒரு புண் வரவில்லை.

இதில் ஒரு நல்ல மெக்கானிக்கல் கேள்வி ஒளிந்திருக்கிறது. கட்டிலின் கீல் மெத்தைக்குக் கீழே இருக்கிறது. அம்மாவின் இடுப்பு மூட்டு மெத்தைக்கு மேலே. ரெண்டும் வேறு வேறு மையத்தில் சுற்றினால் உரசாமல் என்ன செய்யும்? கீலை உடம்பின் மூட்டோடு ஒத்துப்போக வைக்க நான்கு கம்பி இணைப்பு போதும். கண்ணாடி துடைக்கும் வைப்பரைக் காட்டி வருடா வருடம் நான் நடத்துகிற அதே பாடம்.

நம் ஊரில் இதைச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரை அப்படியே நிற்க வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019ல் அங்கிருந்து வந்தது. அடுத்த வருடம் 'நியோஃப்ளை', ஆளின் அளவுக்குச் செய்து தருவது. 2022ல் 'கதம்' என்ற செயற்கை முட்டி, அதன் உள்ளே இருப்பதும் நான்கு கம்பி இணைப்புதான். இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் நோயாளிக்கானவை. தள்ளுகிறவளுக்கு, திருப்புகிறவளுக்கு, கழுவி விடுகிறவளுக்கு என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் உண்டு. அங்கே ஆய்வாளராக இருந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007ல் எழுதினார்: எல்லாம் தோதாக இருந்தாலும்கூட ஒரு நர்ஸ் நோயாளியைக் கையால் தூக்குவது 35 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. சுமார் 16 கிலோ. அதற்கு மேல் கருவி வேண்டும். கணக்கு லேசானது. முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் இழுக்கிறது. 20 கிலோவைக் கட்டிலுக்கு மேலே குனிந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அந்தத் தசை எட்டு மடங்கு, 160 கிலோவுக்கு ஈடாக இழுக்க வேண்டும். குனிந்த மேலுடம்பின் எடை தனி. அக்கா இதை ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை செய்திருக்கிறாள்.

குடும்பத்தில் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றிய ஆராய்ச்சி நர்சிங் துறையில் நிறைய நடக்கிறது. ஸ்டீவன் சாரிட் என்பவர் 1980ல் தொடங்கி வைத்த ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழங்குகிறது. இப்போது அதிகம் பயன்படுவது 22 கேள்வி, 88 மார்க், மார்க் கூடினால் சுமை கூட. உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, கோபம் வருகிறதா, உங்கள் உடல்நலம் கெட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா என்று கேட்கும். அவசியமான கேள்விகள். அக்காவிடம் ஒருத்தராவது அதைக் கேட்டிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் உடல்நலம் எப்படிக் கெட்டது, கட்டிலின் உயரம் என்ன, எங்கே நின்று தூக்குகிறீர்கள் என்று அதில் இல்லை. அது நர்சிங் துறையின் வேலையும் இல்லை. கட்டில் மெக்கானிக்கல் துறையின் வேலை. அந்தத் துறையோ அந்த வீட்டுக்குப் போவதே இல்லை.

என் வாதம் இதுதான். நர்சிங்காரர்கள் அக்கா மாதிரியானவர்களின் மனதை அளக்கிறார்கள், நாங்கள் சக்கரத்தை வரைகிறோம், கல்வியியல்காரர்கள் பிள்ளைக்கு ஏன் திருப்புத்திறன் புரியவில்லை என்று கட்டுரை எழுதுகிறார்கள். மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே கட்டிலைச் சுற்றி இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கட்டிலருகே போய் நிற்க வேண்டும். முதலில் அக்காவிடம் கேட்க வேண்டும், கருவியைச் செய்து முடித்துவிட்டுக் கருத்துக் கேட்பது போதாது.

அவசரமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2011ல் 10.4 சதவீதம். 2031ல் 18.2 சதவீதம் ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன, எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், வாய் நிறையச் சொல்வேன். ஆனால் அவர்கள் போனபிறகு மீதி நேரம் முழுக்க வீட்டுப் பெண்கள்தான். 2019ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், குழந்தைகளையும் முடியாதவர்களையும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 134 நிமிடம், ஆண்கள் 76. சமையலும் துவைப்பும் அதில் சேராது.

கல்லூரியில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரி பெயர் வேண்டாம். ரெண்டு வருடம் முன்பு நாலு பசங்க கட்டில் பற்றி புராஜெக்ட் செய்கிறோம் என்று வந்தார்கள். ரிவ்யூவில் கேட்ட முதல் கேள்வி: "இதுல ஸ்கோபஸ் பேப்பர் வருமா?" ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் பன்னாட்டுப் பட்டியல். பசங்க முகம் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் வேறு தலைப்புக்குப் போய்விட்டார்கள். அது கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற தலைப்பு. அவர்களைச் சொல்லி என்ன, எங்களுக்கும் பதவி உயர்வு அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையில்தான்.

இந்த வருடம் விடவில்லை. நாலு பேரை அக்கா வீட்டுக்கே கூட்டிப்போனேன். அம்மாவிடம் கேட்டோம், இடது கையால் "வாங்க" என்று சைகை காட்டினாள். ஒரு பையன் கயிற்றுக் கட்டிலில் படுத்தான், இன்னொருத்தன் திருப்பினான். முடியவில்லை. அக்கா முட்டியை மடக்கச் சொன்னாள், திரும்பிவிட்டான். நாலு பேரும் மாறி மாறிச் செய்து பார்த்தார்கள். பிறகு வீல் சேர். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே 3 செ.மீ. நிலைப்படி. முன் சக்கரம் சின்னது, ஆரம் 10 செ.மீ. நேராகத் தள்ளி ஏற்ற வேண்டுமென்றால் அந்தச் சக்கரத்தின் மேல் இறங்குகிற எடை அளவுக்கே விசை வேண்டும். அக்கா நாற்காலியைத் திருப்பி, பின் சக்கரத்தை முதலில் இழுத்து ஏற்றுகிறாள். அது ஆரம் 30, எடையில் பாதி போதும். ஒரு பையன் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டுவிட்டு, "அக்கா, இதை உங்களுக்கு யார் சொன்னா?" என்றான்.

"யாரும் சொல்லலப்பா. ஒருதரம் அம்மா முன்னால விழப் பாத்தா."

அவன் நோட்டில் அந்த வரியையும் எழுதிக்கொண்டான். அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த நாலு பேரும் கட்டில் கீலில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஒரு வீட்டு அளவு மட்டும் போதாது. உங்கள் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் டேப் எடுத்து நாலு அளவு அளந்து கீழே எழுதுங்கள். பெயர், ஊர் வேண்டாம். எங்கள் வீட்டு அளவு: கட்டில் உயரம் 46 செ.மீ. நிலைப்படி 3. கக்கூஸ் கதவு அகலம் 61. வீல் சேர் அகலம் 65.