பாட்டி சரி, பேத்தி சரி, அம்மா எங்கே?

கோத்தகிரியில் ஒரு ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறது. முழுக்கப் பெண்கள் வரைந்தவை. ஒரு சுவருக்கு இரண்டு பேர். ஒருவர் எழுபதைத் தாண்டியவர், பக்கத்தில் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். சனிக்கிழமை தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். பிடித்தது பாதி, எரிச்சல் பாதி. எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது. நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் ஓவியம் என்றால் மலை ரயில், ஊட்டி ஏரி, தேயிலைச் சரிவில் கூடையோடு சிரிக்கும் பெண். (சிரித்துக்கொண்டே கொழுந்து பறித்த யாரையும் நான் பார்த்ததில்லை. முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியும் காலில் அட்டைப்பூச்சியுமாக நின்றால் சிரிப்பு எங்கிருந்து வரும்?) இங்கே அப்படி ஒரு படம்கூட இல்லை. அதற்காகவே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கும்பிடு.

வாசலில் ஒரு அச்சுப் பிரதி மாட்டியிருக்கிறார்கள். சார்லட் கேனிங் வரைந்த நீர்வண்ண ஓவியம். அன்றைய கவர்னர் ஜெனரலின் மனைவி, 1858இல் நீலகிரிக்கு வந்தவர். குன்னூரில் லேம்ப்ஸ் ராக் பக்கம் 'லேடி கேனிங் சீட்' என்று இன்றைக்கும் அவர் பெயரில் ஓர் இடம் இருக்கிறது. நன்றாகவே வரைந்திருக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

உள்ளே முதல் சுவர், எங்கள் மலையின் தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் பூத்தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். சட்டம் கிடையாது, துணியில் மாதிரி வரைந்துகொள்வதும் கிடையாது. நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை. அதன் பக்கத்தில் ஓர் இளம்பெண் அக்ரிலிக்கில் வரைந்த எருமை மந்தை. ஜோடி அருமையாகப் பொருந்தியிருந்தது.

சனிக்கிழமை நான் அதன் எதிரே நின்றபோது, அந்தத் துணியைத் தைத்த பாட்டியே பூத்துக்குளி என்ற அவர்களுடைய பூத்தையல் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். பார்த்தார். சிரித்துவிட்டார். "திருப்பி மாட்டியிருக்கீங்களே!" என்றார். விஷயம் என்னவென்றால், நமக்கு வழவழப்பாக, சுத்தமாகத் தெரிகிற பக்கம் அவர்களுக்கு உள்பக்கம். நூல் மேடுதட்டிச் சொரசொரப்பாக நிற்கிறதே, அதுதான் அவர்கள் வெளியே காட்டும் பக்கம். அவரே இரண்டு கிளிப்பையும் கழற்றி, துணியைத் திருப்பி, மறுபடி மாட்டிவிட்டு, மேட்டை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. கண்காட்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

அப்புறம்தான் கீழே ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். எருமைப் படத்தின் கீழே அந்தப் பெண்ணின் பெயர், ஊர், ஆண்டு, அளவு, விலை எல்லாம் இருக்கிறது. துணியின் கீழே 'பழங்குடிக் கைவினை' என்ற இரண்டே சொற்கள். எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்த மனுஷிக்கு அட்டையில் பெயர் இல்லை.

இரண்டாவது சுவரிலும் இதே கதைதான். அது குறும்பர் பழங்குடியின் ஓவியம். கோத்தகிரிக்காரர்களுக்கு வெள்ளரிக்கொம்பை கிராமமும் அங்கே பழைய பாறை ஓவியங்கள் உள்ள எழுத்துப்பாறையும் தெரிந்திருக்கும். அந்தப் பாறையிலிருந்து வந்த மரபு என்று ஆலு குறும்பர்கள் சொல்லும் ஓவியம் இது. செம்மண், வெள்ளை மண், கருப்புக்குக் கரிமரப் பட்டை, பச்சைக்குக் காட்டவரை இலை. தேன் எடுப்பதும் ஆடுவதும் கோயிலுமாக ஒல்லி ஒல்லியான உருவங்கள். வழக்கப்படி இதை வரைந்தது ஆண்கள், அதுவும் கோயில் காரியம் பார்க்கிறவர்கள். பெண்கள் கதவைச் சுற்றியும் ஜன்னலைச் சுற்றியும் கரை போடுவார்கள், தரையில் கோலம் போடுவார்கள். இங்கே பாட்டி போட்டிருப்பது அந்தக் கதவுக் கரை. பேத்தி வரைந்திருப்பது தேன் எடுக்கும் காட்சி. பாட்டிக்கு வாசலோடு நின்றது பேத்திக்கு நடுச்சுவருக்கு வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல அட்டையில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை.

மற்ற சுவர்கள் சுமார்தான். ஒன்றிரண்டு ஜோடி, இடம் காலியாக இருக்கிறதே என்று சேர்த்தது போல இருந்தது. தாள்கள் ஈரத்தில் அலை அலையாக வளைந்திருந்தன. கோத்தகிரிச் சாரலில் நீர்வண்ணத்தைக் காய வைப்பது எவ்வளவு பாடு என்று பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற எனக்குத் தெரியும், அதனால் அதை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. எல்லாச் சுவரிலும் பாட்டி, பேத்தி. பாட்டி, பேத்தி. அறுபதை ஒட்டிய ஒருத்தர்கூட இல்லை. நாற்பது, ஐம்பதும் இல்லை. அந்த அம்மாக்கள் எங்கே போனார்கள்? ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் கேட்டேன். "அந்தத் தலைமுறையில் யாரும் வரையலை மேடம், எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க" என்றார்.

பதில் பாதி சரிதான். பெண் ஓவியர் வரலாறு என்று பேசினால் எல்லோரும் அம்ரிதா ஷெர்கிலில் தொடங்குவார்கள். 28 வயதில், 1941இல் இறந்தவர். அவருடைய ஓர் ஓவியம் 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. நான் தொடங்குவது டி.கே. பத்மினியில். நம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கேரளப் பெண், 1940இல் பிறந்தவர், 1969இல் பிரசவத்தில் போய்விட்டார். இன்னும் முப்பது ஆண்டு இருந்திருந்தால் என்னென்ன வரைந்திருப்பாரோ. பத்மினிக்கு இரண்டு வயது இளையவர் மாதவி பரேக். குஜராத் கிராமத்துக்காரர், ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாதவர். சின்ன வயதில் பார்த்த ரங்கோலியும் கிராமத்துக் கதைகளும்தான் அவர் கைக்குள் இருந்தன. நளினி மலானி, நீலிமா ஷேக், அர்பிதா சிங் ஆகியோரோடு சேர்ந்து 1987 முதல் 1989 வரை இவரும் ஊர் ஊராகக் கண்காட்சி கொண்டுபோனார். நால்வருமே பெண்கள், எல்லாமே நீர்வண்ணம். வாசலில் போட்ட கோலம் ஓவியமாகச் சுவரேறும் என்பதற்கு டெல்லி, பம்பாயில் சாட்சி இருக்கிறது. கோத்தகிரியில் அந்தக் கோலத்தைத் தேடி யாராவது போனார்களா? அதனால்தான் அந்தப் பதில் பாதி என்கிறேன்.

மீதிப் பாதி எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

அம்மா இலங்கையில் பிறந்தவள். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பம். எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு. பிறகு ஓய்வு பெறும் வரை கொழுந்துதான். லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் வாசல் நாலடி. அதில் கோலம் போட்டால் சாரல் அரை மணி நேரத்தில் அழித்துவிடும். அதனால் தோட்ட ஆபீசில் கழித்துப்போட்ட பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அதில் போட ஆரம்பித்தாள். செக்ரோல் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடப்பக்கம் பேர், வலப்பக்கம் தேதிக்கு ஒரு கட்டமாக 31 கட்டம். அந்தக் கட்டங்கள்தான் அவளுக்குப் புள்ளி. நீலப் பால்பாயிண்ட் பேனா. இலைக் கறை ஏறிய கட்டைவிரல் ரேகை ஓரத்தில் பழுப்பாகப் பதிந்திருக்கும். சில பக்கங்களில் கோலத்துக்கு நடுவிலேயே 17, 21, 19 என்று அன்றைக்குப் போட்ட இலையின் எடை. வலதுகை சிக்குக் கோலத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது மனசு கணக்குப் பார்த்திருக்கிறது.

அந்தப் புத்தகத்தைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டேன். புரட்டிப் பார்த்தார்கள். "அழகா இருக்கு, ஆனா நாங்க பெயின்டிங் மட்டும்தான் எடுக்கிறோம்" என்றார்கள். அப்படியானால் தோடர் துணி? அது பாரம்பரியமாம். ஆக, பழைய கை பாரம்பரியம், இளைய கை கலை, நடுவில் இருக்கிற கை கூலி. இந்தக் கணக்கைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்த முறை சுவருக்கு மூன்று பேர் மாட்டுங்கள். நோட்டு, டைரி, பழைய காலண்டரின் பின்பக்கம் என்று எதில் இருந்தாலும் லயத்து வீடுகளில் போய்க் கேளுங்கள். பாட்டிகளின் பெயரைக் கேட்டு எழுத அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே அட்டையை மாற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன், "நீ ஏம்மா வரையறதை நிறுத்திட்ட?"

"எங்க நிறுத்தினேன்? நேத்துக் காலைலகூட வாசல்ல போட்டேனே, நீதான் மிதிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடின."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கண்காட்சியில் அம்மா வேறு எந்தச் சுவரிலும் நிற்கவில்லை. தோடர் துணி எதிரே மட்டும் கால் மணி நேரம் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செக்ரோலை எடுத்தாள். நடுப்பூவும் இரண்டு கரையும் வந்துவிட்டன. சிவப்புப் பேனா இல்லாததால் என் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

கண்காட்சி வரும் ஞாயிறு வரை இருக்கிறது, நுழைவு இலவசம். மழை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். நாங்களும் இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது. ஓரத்து வரிசையில் இழைக் கணக்கு தப்பிவிட்டது என்கிறாள்.