பெலாரஸுக்குக் கடல் கிடையாது

பெலாரஸ் நாட்டுக்கு ஒரு சாண் கடற்கரை கூடக் கிடையாது. நாலு பக்கமும் அடுத்த நாட்டு நிலம், குளிர்காலம் வந்தால் பனி. அந்த நாடு 2025 மே 11 அன்று செஷல்ஸ் தீவில் நடந்த கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பையின் பைனலில் பிரேசிலிடம் 4-3 என்று தோற்றது. ஒரே ஒரு கோல் வித்தியாசம். பிரேசில் எப்பேர்ப்பட்ட பிரேசில்! ஃபிஃபா நடத்தும் இந்தக் கோப்பையை ஏழாவது தடவையாகத் தூக்கிய பிரேசில்.

இதை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் யாரிடம் சொன்னாலும் உடனே ஒரு பதில் வரும். "நம்ம பயலுவ மணல்ல பொறந்து மணல்ல வளந்தவனுவ. விட்டா அவனுவளையும் ஜெயிச்சிட்டு வந்துருவானுவ." டீக்கடையிலும் சொல்கிறார்கள், மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டும் சொல்கிறார்கள். எனக்கு ஆகவே ஆகாத பேச்சு இது. பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு பைசா செலவழிக்காமல் தப்பிக்கிறவர்கள் சொல்கிற பாராட்டு. மணலில் பிறந்தவனுக்கு மைதானம் எதுக்கு, கோச் எதுக்கு, அவன்தான் பிறவியிலேயே ஆட்டக்காரன் ஆச்சே!

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு ஐந்து பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. ஷூ கிடையாது, வெறுங்கால். 12 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஆட்டக்காரர்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், ஏனென்றால் இரண்டு நிமிடம் மணலில் ஓடினாலே தொடை கல்லாகிவிடும். ஆஃப்சைடு இல்லை. ஃப்ரீ கிக்குக்குக் குறுக்கே ஆள் நிறுத்திச் சுவர் கட்ட முடியாது. சமனில் முடிகிற பேச்சே இல்லை; கூடுதலாக மூன்று நிமிடம், அதிலும் தீராவிட்டால் பெனால்ட்டி. நேரத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி, கூடுதல் நேரத்தில் என்றால் 2, பெனால்ட்டியில் என்றால் 1.

மணலில் பந்து உருளாது. பழக்கத்தில் தரையோடு தட்டிவிட்டால் இரண்டடி போய் ஒரு குழியில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நல்ல ஆட்டக்காரன் பந்தைக் கால்விரலால் கிள்ளி முழங்கால் உயரத்துக்கு எடுத்து, அது கீழே விழுவதற்குள் அடிக்கிறான். ஃப்ரீ கிக் கிடைத்தால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலைக் குவித்து, தலையைத் தட்டிச் சமன் செய்து, அதன் மேல் பந்தை வைக்கிறான். பிறகு முதுகு தரையில் விழ, தலைக்கு மேலே பைசைக்கிள் கிக். பார்க்க விளையாட்டுத்தனமாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரம் தடவை செய்து பழகினால்தான் வரும். மணலில் வளர்ந்தவனுக்குத் தானாக வருகிற வித்தை எதுவும் இதில் இல்லை.

சரி, செஷல்ஸுக்கு யார் யார் எப்படிப் போனார்கள் என்று பார்ப்போம். எனக்கு ஆட்டத்தைவிடச் சுவாரசியமாக இருந்தது இந்தக் கணக்குதான். மொத்தம் 16 இடம். நடத்துகிற நாட்டுக்கு ஒன்று. மிச்சத்தைக் கண்டம் வாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு நாலு: ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, பெலாரஸ். அங்கே போட்டி எவ்வளவு கடுமை என்றால், 2005இல் முதல் ஃபிஃபா கோப்பையை வென்ற பிரான்ஸுக்கு இடமில்லை. 2009இல் துபாயில் பைனல் வரை போன சுவிட்சர்லாந்துக்கும் இல்லை. (சுவிட்சர்லாந்துக்கும் கடல் கிடையாது, கவனித்தீர்களா?) தென் அமெரிக்காவிலிருந்து பிரேசில், சிலி, பராகுவே. பராகுவேயும் கடல் இல்லாத நாடுதான். 2019இல் உலகக் கோப்பையைத் தன் ஊரிலேயே நடத்திக் காட்டியது; மணலைக் கொட்டி அரங்கம் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து செனகல், மொரிட்டானியா. வட, மத்திய அமெரிக்காவிலிருந்து எல் சால்வடார், குவாத்தமாலா. பசிபிக் தீவுகள் அடங்கிய ஓசியானியாவுக்கு ஒரே இடம், அது டஹிட்டிக்கு.

ஆசியாவுக்கு மூன்று. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் பட்டாயாவில் 16 அணிகள் நாலு குழுவாகப் பிரிந்து ஆடின. ஈரான் கோப்பையை எடுத்தது, ஓமன் இரண்டாவது, ஜப்பான் மூன்றாவது. மூன்றும் செஷல்ஸுக்குப் போயின. அந்தப் பதினாறில் இந்தியாவும் இருந்தது! தாய்லாந்து, குவைத், லெபனான் இருந்த குழு. குழு ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிட்டோம்.

ஆனால் பாதையின் நீளத்தைப் பாருங்கள். குழுவில் மூன்று ஆட்டம், முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் காலிறுதி. காலிறுதியில் ஜெயித்துவிட்டு, அரையிறுதியிலும் ஜெயித்தால் உலகக் கோப்பையில் இடம். அரையிறுதியில் தோற்றாலும் மூன்றாம் இடத்துக்கு இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதில் ஜெயித்தாலும் உலகக் கோப்பை. எல்லாம் ஒரே ஊரில், ஒரே மாதத்தில். பதினோரு பேர் ஆட்டத்தில் 1950இல் வீடு தேடி வந்த உலகக் கோப்பை வாய்ப்பை விட்டுவிட்டு, அதற்கப்புறம் இன்றுவரை வாசல்படியைக் கூடத் தொடவில்லை நாம். அந்தப் பாதையோடு ஒப்பிட்டால் இது பக்கத்துத் தெரு. நடக்கத்தான் ஆள் இல்லை.

டஹிட்டி கதையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2013 ஜூனில் பிரேசிலில், கண்டங்களின் சாம்பியன்கள் மோதிய கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. பதினோரு பேர் ஆட்டத்தில் டஹிட்டி போய் இறங்கியது. நைஜீரியாவிடம் 6-1, ஸ்பெயினிடம் 10-0, உருகுவேயிடம் 8-0. மூன்று ஆட்டத்தில் 24 கோல் வாங்கியது. உலகமே பரிதாபப்பட்டது. அதே வருசம் செப்டம்பரில் கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பையை டஹிட்டி தன் ஊரில் நடத்தியது, நாலாவது இடத்துக்கு வந்தது. 2015இல் பைனல். 2017இல் மறுபடி பைனல். இரண்டிலும் தோற்றார்கள், முன்னதில் போர்ச்சுகலிடம், பின்னதில் பிரேசிலிடம். ஒரு சின்னத் தீவுக்கூட்டம் தனக்கு எந்த ஆட்டம் வரும் என்று பார்த்து, அதில் பணத்தையும் ஆளையும் இறக்கியதால் வந்த பலன். டஹிட்டிக்காரனும் மணலில் பிறந்தவன்தான். ஆனால் அவனுக்கு அரங்கம் கட்டிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் சூரத்தில் தேசிய கடற்கரைக் கால்பந்துப் போட்டி நடந்தது. கேரளா சாம்பியன். பைனலில் எதிர்த்து நின்றது யார்? பஞ்சாப்! கோதுமை வயலிலிருந்து வந்தவர்கள். 13-4 என்று கேரளா வெளுத்து வாங்கியது என்பது வேறு விசயம், ஆனாலும் கடலைக் கொண்ட அத்தனை மாநிலங்களில் ஒன்றுதான் பைனலுக்கு வந்தது, மற்றது பஞ்சாப்.

இனி நம்ம கதைக்கு வருவோம். கூடுதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நம் மாவட்டத்துக் கடலோரத்தில் கால்பந்து இல்லாத ஊர் எது? ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகமாட்டார்கள். காலையில் பூசை, சாயங்காலம் பந்து. திருவிழாக் கொடி ஏறிவிட்டால் மின்னொளி ஆட்டம், ஐவர், எழுவர், சுழற்கோப்பை, மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆட்டம் எங்கே நடக்கிறது? கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கட்டாந்தரையில். மணலில் இல்லை.

மணல் சும்மா கிடக்கவில்லை என்பது ஊருக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபைபர் வள்ளத்தை இழுத்து ஏற்றியிருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் வலை பரத்திக் கிடக்கும், நாலு பேர் உட்கார்ந்து கிழிசலைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் கருவாடு காயும். மிச்சம் இருக்கிற இடமோ கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும்; அதில் பந்து போட்டால் ஒரு அணி மேட்டிலும் ஒரு அணி பள்ளத்திலும் ஆட வேண்டும். ஆனி, ஆடியில் கடல் சீறினால் அந்தச் சரிவும் போய்விடும். கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது திடீரென்று பேரலை எழும் என்ற எச்சரிக்கை வந்தால் வள்ளத்தை எங்கே ஏற்றுவது என்பதே பெரும்பாடு. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு வருசக்கணக்காகப் போராடுகிற சனங்களிடம் போய், "உங்களுக்குத்தான் எவ்வளவு அருமையான இயற்கை மைதானம்" என்று சொல்கிறவரை என்ன செய்வது?

அந்தப் பக்கத்துத் தம்பி ஒருவனிடம் இதைப் பற்றிப் பேசினேன். இடது காலால் பந்தை நன்றாக அடிக்கிறவன். ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். போனில் டஹிட்டி ஆட்டம் ஒன்றைக் காட்டியதும், "எண்ணே, இவன் விழுந்து அடிக்கான் பாருங்க" என்று சிரித்தான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இதுக்குக் குடுக்க சர்ட்டிபிகேட்டு வேலைக்குச் செல்லுமாண்ணே?"

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கடலோரத்துப் பையனுக்குப் பந்து என்பது ரயில்வே, போலீஸ், காலேஜ் சீட்டு, அப்பா மாதிரி விடியக்காலம் இரண்டு மணிக்கு வள்ளம் ஏறாமல் இருக்க ஒரு வழி. அந்த வழி புல் மைதானத்தில், ஷூ போட்ட ஆட்டத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு மணலுக்கு வா என்றால் எதை நம்பி வருவான்? அதிகாரத்தில் இருப்பவர்கள் முதலில் அவனுக்குப் பதில் சொல்லட்டும். மாநில அணிக்கு ஆடினால் இன்ன மதிப்பு, தேசிய அணிக்கு ஆடினால் இன்ன மதிப்பு என்று கறுப்பு வெள்ளையில் வரட்டும். மணல்ல பொறந்தவன் பேச்சை அப்புறம் பேசலாம்.

அடுத்தது மைதானம். விதிப்படி ஆடுகளம் 35 முதல் 37 மீட்டர் நீளம், 26 முதல் 28 மீட்டர் அகலம். மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம். ஓரம் சேர்த்து நாற்பதுக்கு முப்பது என்று வைத்தால் 480 கன மீட்டர். லாரிக் கணக்கில் சொன்னால் சுமார் 170 யூனிட். கல், சிப்பி இல்லாமல் சலித்த மணல், சுற்றி வலை, நாலு விளக்குக் கம்பம். கேலரி கூட வேண்டாம், நம்ம சனம் நின்றே பார்க்கும். பாளையங்கோட்டையில் ஒன்று, கடலோரத்தில் மேடான இடத்தில் ஒன்று. தாமிரபரணியில் கை வைக்காமல் இதைச் செய்ய வேண்டும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மைதானம் பெயரைச் சொல்லி ஆற்றுக்குள் லாரி இறங்கிவிடும்.

நம் கடற்கரை மணலுக்கு மதிப்பு உண்டு என்பதை அரசாங்கமும் வியாபாரிகளும் ரொம்ப நாளைக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். கார்னெட், இல்மனைட் என்று சலித்துக் கப்பலில் ஏற்றினார்கள். 2013இல் தாதுமணல் அள்ளத் தடை வந்தது. டஹிட்டிக்காரன் மணலில் அரங்கம் போட்ட அதே 2013.

"இதெல்லாம் டிவிக்காக நடத்துகிற ஆட்டம், நிஜக் கால்பந்து கிடையாது" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும். சம்பளம் கொட்டுகிற ஆட்டம் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடிந்தகரைக்காரர்கள் ஒப்பந்தக் கூலிக்கு ஈரானுக்குப் போய் மீன் பிடிக்கிறார்கள். 2024இல் 28 பேர் பஹ்ரைன் கடலோரக் காவல்படையிடம் மாட்டி, மாதக்கணக்கில் உள்ளே கிடந்துதான் ஊர் திரும்பினார்கள். செஷல்ஸ் என்ற பெயரே தமிழ்நாட்டு மீனவக் குடும்பங்களுக்குப் படகு பிடிபட்ட செய்தியில்தான் பழக்கம். ஈரான், ஓமன், செஷல்ஸ் மூன்றும் இந்த உலகக் கோப்பையில் ஆடின. அந்தத் தண்ணீரில் வலை போட நம் ஆள் போகலாம், அந்த மணலில் பந்து ஆடப் போகக் கூடாதா?

செஷல்ஸைப் பற்றி இன்னொன்று. மொத்த சனத்தொகையே ஒரு லட்சத்துச் சொச்சம், நம் திருநெல்வேலி மாநகராட்சியில் கால்வாசி. தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, நம்ம தமிழர்கள் கட்டியது. ஆப்பிரிக்க மண்ணில் இந்தக் கோப்பையை முதன்முதலில் நடத்தியது அந்தச் சின்ன நாடு. அவர்கள் அணி முதல் சுற்றோடு போய்விட்டது, அதனால் என்ன? அரங்கம் எழுந்துவிட்டது, பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

தமிழ்நாடு அணிக்கு ஆள் எடுக்கும்போது உவரியிலோ கூத்தங்குழியிலோ ஒரு தேர்வு முகாம் போடுங்கள் என்பது என் கோரிக்கை. சென்னையில் முகாம் என்று ராத்திரி வாட்ஸப்பில் தகவல் வந்து, காலையில் கடலுக்குப் போனவன் மதியம் கரை ஏறிப் பார்ப்பதற்குள் முகாம் முடிந்துவிட்டது என்ற கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முடியாது, அங்கேதான் நடத்துவோம் என்றால், தேதியையாவது பத்து நாள் முன்னால் சொல்லுங்கள். வேனுக்கு ஆகிற செலவை நாங்கள் நாலு பேர் போட்டுக்கொள்கிறோம். பையன்கள் பட்டியல் தயாராக இருக்கிறது, இடது கால்காரனையும் சேர்த்து.